கசப்பு வேறு, துவர்ப்பு வேறு: ஹாப் மணக்கும் லாகரைச் சுவைத்து அறியும் முறை

பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப் என்னும் பூ தூக்கலாக உள்ள கிராஃப்ட் லாகர் பீரை முதன்முதலாகச் சுவைப்பவர்களில் பலர் ‘கசக்கிறது’ என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தச் சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு உணர்வுகள் அடைபட்டிருக்கின்றன. பாகற்காயில் இருப்பது கசப்பு. வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்தால் வாய் இறுகிச் சுருங்குகிறதே, அது துவர்ப்பு. சரியாக வேகாத சேனைக்கிழங்கு தொண்டையில் உண்டாக்குவது காறல். கசப்பையும் துவர்ப்பையும் குழப்பிக்கொள்வது சுவைப் பயிற்சி பெறுவோர் தொடக்கத்தில் வழக்கமாகச் செய்யும் பிழை. அறுசுவையில் இரண்டையும் தனித்தனியே எண்ணிப் பழகிய நமக்கு அந்தப் பிழை நேர வேண்டியதில்லை. நல்ல ஹாப் லாகர் நன்றாகவே கசக்கும். ஆனால் வாயைத் துவர்க்கச் செய்யாது, தொண்டையைக் காறச் செய்யாது. இதை நம் நாக்கைக் கொண்டே உறுதி செய்துகொள்வது எப்படி என்பதைத்தான் இங்கே விளக்க முயல்கிறேன். கோப்பை, குளிர், நுரை, மணம் ஆகியவற்றைப் பற்றிச் சொல்வன எல்லாம் அந்தத் தீர்ப்பைப் பிழையின்றிச் சொல்வதற்கான முன்னேற்பாடுகள்.

எதைத் தேர்ந்தெடுப்பது

லாகர் என்பது ஏறத்தாழ 8 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர்ச்சியில் நொதிக்கவைத்து, பின்னர் உறைநிலைக்குச் சற்று மேலே வாரக்கணக்கில் கிடப்பில் போட்டுத் தெளியவிடும் பீர். ஜெர்மன் மொழியில் ‘லாகர்ன்’ என்றாலே சேமித்து வைத்தல் என்றுதான் பொருள். அதைவிட வெதுவெதுப்பான சூட்டில் நொதிக்கவைக்கும் ஏல் வகைப் பீர்களில் ஈஸ்ட் தன் பங்குக்கு வாழைப்பழம், ஆப்பிள் போன்ற பழ வாசனைகளைச் சேர்க்கும். குளிரில் மெதுவாக வேலை செய்யும் லாகர் ஈஸ்ட் அப்படிச் சேர்ப்பது மிகக் குறைவு. ஆகவே லாகரில் முளைகட்டிக் காயவைத்த பார்லியாகிய மால்ட்டும், ஹாப்பும் எந்தத் திரையும் இல்லாமல் நம் முன் வந்து நிற்கின்றன. காய்ச்சியவருடைய கைப்பிழையும் அதேபோல் மறைய இடமில்லாமல் வெளியே தெரிந்துவிடுகிறது. சுவைக்கப் பழகுவதற்கு ஹாப் லாகரைப் போல் நல்ல பாடம் வேறில்லை என்று நான் நம்புவதற்கு இதுதான் காரணம்.

இந்த வகையின் மூதாதை பில்ஸ்னர். இன்றைய செக் குடியரசில் உள்ள பில்சென் நகரத்தில், 1842 அக்டோபர் 5 அன்று, பவேரியாவைச் சேர்ந்த யோசஃப் க்ரோல் காய்ச்சிய பொன்னிற லாகரிலிருந்து அந்தப் பெயர் பிறந்தது. அந்நகரத்துத் தண்ணீர் உப்புகள் மிகக் குறைந்த மென்னீர். அதற்கு வடக்கே ஜாட்டெட்ஸ் வட்டாரத்தில் விளையும் ஸாட்ஸ் ஹாப் மென்மையான மணம் உடையது. இவ்விரண்டும் சேர்ந்ததால் கசப்பு மிகுந்தும் கூர்மை இல்லாத ஒரு பீர் கிடைத்தது. 1996-இல் இத்தாலியின் லொம்பார்டி மாநிலத்தில், லுராகோ மரினோனே என்னும் சிற்றூரில், அகோஸ்தினோ அரியோலி தம்முடைய டிப்போபில்ஸ் பீரில் அந்தப் பழைய முறையோடு ஒன்றைச் சேர்த்தார். நொதித்து முடிந்த குளிர்ந்த பீரில், கொதிக்கவிடாமல், ஹாப்பைப் போட்டு ஊறவைத்தார். ஆங்கிலேய ஏல்களில் வழக்கமாக இருந்த இந்த முறைக்கு டிரை ஹாப்பிங் என்று பெயர். டிப்போபில்ஸைப் பார்த்து ஊக்கம் பெற்று, கலிஃபோர்னியாவின் பாசோ ரோப்லெஸ் ஊரில் உள்ள ஃபயர்ஸ்டோன் வாக்கர் பீர் ஆலை 2013-இல் பிவோ என்ற பில்ஸ்னரை வெளியிட்டது. ‘பிவோ’ என்பது செக் மொழியில் பீருக்கு உரிய சொல். பில்செனில் இன்றும் காய்ச்சப்படும் மூலமான பில்ஸ்னர் உர்க்கெலையும் இந்தப் பிவோவையும் இக்கட்டுரை முழுவதும் எடுத்துக்காட்டுகளாகக் கையாள்கிறேன். உங்களுக்குக் கிடைப்பது வேறு ஹாப் லாகர் என்றாலும் முறை மாறாது.

டிரை ஹாப்பிங் என்ன செய்கிறது என்பதை ரசம் வைக்கத் தெரிந்த எவரும் உடனே புரிந்துகொள்வார்கள். மிளகின் காரம் கொதியில் இறங்குகிறது; கொத்தமல்லித் தழையை இறக்கிய பிறகு தூவுகிறோம், ஏனென்றால் கொதித்தால் அதன் மணம் ஆவியோடு போய்விடும். ஹாப் என்பது ஒரு கொடியின் பெண் பூக்கூம்பு. அதன் இதழ்களின் அடியில் லுபுலின் எனப்படும் மஞ்சள் தூள் ஒட்டியிருக்கும். அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் நீண்ட நேரம் கொதித்தால்தான் கரைந்து கசப்பாக மாறுகின்றன. அதே தூளில் இருக்கும் எண்ணெய்களோ கொதித்தால் பறந்துவிடுகின்றன. ஆகவே கசப்புக்கு ஹாப்பை முதலில் போட்டுக் கொதிக்கவிட வேண்டும், மணத்துக்குக் கடைசியில் குளிரில் போட வேண்டும். நீங்கள் கோப்பையில் முகரும் மணமும் நாக்கில் உணரும் கசப்பும் ஒரே பூவிலிருந்து இரண்டு வெவ்வேறு வேளைகளில் எடுக்கப்பட்டவை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், இரண்டையும் தனித்தனியே மதிப்பிடுவது எளிதாகும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது முதலில் அடைத்த தேதி. ஹாப் மணம் நாளுக்கு நாள் மங்கும். குளிரில் வைக்கப்பட்டு, அடைத்து மூன்று மாதங்களுக்கு உட்பட்டதாக இருந்தால் நல்லது. அடுத்து, வெளிச்சம். ஹாப்பின் கசப்புப் பொருள்களை வெளிச்சம் உடைத்து, கந்தகம் கலந்த ஒரு சேர்மத்தை உண்டாக்குகிறது. அதன் வாடை எரிந்த ரப்பரையும் நசுங்கிக் கிடந்த பூண்டையும் ஒருங்கே நினைவூட்டும். பழுப்பு நிறப் பாட்டில் பெருமளவு காக்கும், பச்சைப் பாட்டில் அவ்வளவாகக் காக்காது, கேனுக்குள் வெளிச்சம் புகுவதே இல்லை. நான் பல ஆண்டுகள் ஒரு குறிப்பிட்ட ஐரோப்பியப் பில்ஸ்னரின் இயல்பான மணமே அந்த ரப்பர் வாடைதான் என்று நினைத்திருந்தேன். நான் வாங்கிய கடையில் அந்தப் பச்சைப் பாட்டில்களைச் சாலையைப் பார்த்த கண்ணாடித் தட்டில், வெயில் படும் இடத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். பிறகு ஒருநாள் அதே பீரைக் கேனில் திறந்து முகர்ந்தபோது வைக்கோலும் பூவுமாக மணந்தது; இத்தனை காலமும் நான் குறை கூறிவந்தது பீரை அன்று, அது நின்ற தட்டை என்று அப்போதுதான் விளங்கியது.

இதை நீங்களே பத்து நிமிடத்தில் செய்து பார்க்கலாம், செய்து பார்க்கவும் வேண்டும். ஒரே பீரை இரண்டு தெளிந்த கண்ணாடிக் கோப்பைகளில் சிறிது ஊற்றி, ஒன்றை உச்சி வெயிலிலும் மற்றொன்றை மூடிய அலமாரியிலும் வைத்துப் பிறகு அடுத்தடுத்து முகருங்கள். வெயில் பட்ட பீர் சூடாகியிருக்கும் என்பதால், முகரும் முன் இரண்டையும் சிறிது நேரம் பிரிட்ஜில் வைத்துச் சமன்படுத்திக்கொள்ளுங்கள். ஒருமுறை அந்த வேறுபாட்டை மூக்கு பிடித்துக்கொண்டால் வாழ்நாள் முழுவதும் மறக்காது.

சுவைக்கும் முன்

ஊதுபத்தி ஏற்றிய அறையிலும், தாளிப்பு மணம் அடங்காத சமையலறைக்குப் பக்கத்திலும் உட்கார்ந்து ஹாப்பை முகர முடியாது. தலையில் மல்லிகைச் சரம், கையில் அத்தர், அப்போதுதான் மென்ற வெற்றிலைப் பாக்கு, சூடான காபி ஆகிய எல்லாமே தடைகள். பாக்கு குறிப்பாக ஆகாது, ஏனென்றால் அதன் துவர்ப்பு வாயில் நெடுநேரம் தங்கிப் பீரின் மேல் பழியாக விழும். காரமான தின்பண்டங்களையும் ஒதுக்கி வையுங்கள். கரியமிலக் குமிழிகள் மிளகாயின் எரிச்சலைக் கிளப்பிவிடும், அதற்குப் பிறகு கசப்பை அளக்க இயலாது. இடையிடையே வாய் கொப்பளிக்கச் சாதாரணத் தண்ணீரும், உப்பிடாத வெறும் பொரியும் போதும்.

கோப்பை கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தால் மட்டும் போதாது. எண்ணெய்ப் பிசுக்கோ சோப்புப் பசையோ மெல்லிய படலமாக இருந்தாலும் நுரை உடைந்துவிடும். கழுவிய கோப்பையைத் தண்ணீரில் நனைத்துக் கவிழ்த்துப் பாருங்கள்: தண்ணீர் முழுப் படலமாக வழிந்தால் சுத்தம், ஆங்காங்கே துளித்துளியாக நின்றால் இன்னும் பிசுக்கு இருக்கிறது. துணியால் துடைக்காமல் கவிழ்த்து வைத்து உலரவிடுவது நல்லது, ஏனெனில் துணியின் இழையும் வாடையும் உள்ளே ஒட்டிக்கொள்ளும். வடிவத்தைப் பொறுத்தவரை, உயரமாக இருந்து வாய்ப்பகுதியில் சற்றுக் குறுகும் கோப்பை மணத்தைத் தேக்கும். அது இல்லையென்றால் ஒயின் கோப்பையே போதுமானது. ஃபிரீசரில் உறையவைத்த கோப்பையை மட்டும் தவிருங்கள். அது நாக்கை மரக்கவைக்கும், பனித்துகள்கள் நுரையைத் தாறுமாறாகப் பொங்கவைக்கும்.

பிரிட்ஜிலிருந்து எடுத்த பீர் பெரும்பாலும் 4 டிகிரி அளவில் இருக்கும். தொடங்குவதற்கு 6 அல்லது 7 டிகிரி பொருத்தம். சென்னைக் கோடையில் மேசை மேல் சில நிமிடங்கள் வைத்தாலே அது வந்துவிடும். ஒரு சுற்றுக்கு 150 மில்லிலிட்டர் போதும். சுவைப்பதற்கு அதற்கு மேல் வேண்டியதில்லை. வண்டி ஓட்டிச் செல்லவேண்டிய நாளில் இந்தப் பயிற்சியை வைத்துக்கொள்ளாதீர்கள்.

நாக்கைத் தயார்படுத்த ஒரு சிறு ஒத்திகை உண்டு. பீரைத் திறப்பதற்குச் சில மணி நேரம் முன்னதாகவோ முந்தின நாளிலோ இதைச் செய்யலாம். ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் சிட்டிகை நிலவேம்புப் பொடியை ஊறவைத்து வடிகட்டி ஒரு மடக்கு குடியுங்கள்: அது துவர்ப்பு அதிகம் கலவாத கசப்பு. வாயை நன்றாகக் கொப்பளித்துச் சிறிது நேரம் கழித்து, கடுக்காய்ப் பொடி சிட்டிகை கலந்த தண்ணீரைக் குடியுங்கள்: இப்போது கன்னத்தின் உட்புறம் பற்களோடு உரசுவதைக் கவனிக்கலாம், எச்சிலின் வழவழப்புப் போய்விட்டிருக்கும். துவர்ப்பு என்பது அந்த வழவழப்பின் இழப்பு. அதைச் சுவை என்பதை விடத் தொடுவுணர்வு என்றே அறிவியல் வகைப்படுத்துகிறது. காறலுக்கு ஒத்திகை வேண்டாம். பச்சைச் சேனைக்கிழங்கை யாரும் கடித்துப் பார்க்கக் கூடாது. என்றோ ஒருநாள் அரைவேக்காட்டில் தின்றுவிட்டுப் புளி தேடிய நினைவே போதும்.

ஊற்றுவதும் பார்ப்பதும்

கோப்பையைச் சாய்த்துப் பிடித்துப் பாதி அளவு ஊற்றிய பின் நிமிர்த்தி, மீதியை நடுவில் விழுமாறு ஊற்றினால் இரண்டு விரல் தடிமனுக்கு நுரை எழும். நுரையே இல்லாமல் ஓரமாக வழியவிட்டு ஊற்றுவதைத் திறமையாகக் கருதுவோர் பலர் இருக்கிறார்கள். செக் நாட்டு மதுக்கடைகளில் அதைக் குறையாகவே எண்ணுவார்கள். அங்கே நுரையைக் குழாயிலிருந்தே ஈரமாகவும் திரண்டதாகவும் இறக்கி, கோப்பை முழுக்க ஏறத்தாழ நுரையாகவே நிரப்பித் தரும் ‘ம்லீக்கோ’ என்றொரு வகை உண்டு. அந்தச் சொல்லுக்குப் பால் என்று பொருள். நுரை உடையும்போதுதான் ஹாப் எண்ணெய்கள் காற்றில் ஏறுகின்றன. நுரையை மட்டும் தனியாக உதட்டால் எடுத்துச் சுவைத்துப் பாருங்கள். அடியில் இருக்கும் பீரை விட அது கூடுதலாகக் கசக்கும், ஏனென்றால் கசப்புப் பொருள்கள் மால்ட்டின் புரதங்களோடு பிணைந்து நுரையில் திரள்கின்றன. அதே பிணைப்புதான் ஒவ்வொரு மடக்குக்குப் பிறகும் கண்ணாடிச் சுவரில் சரிகைபோல வளையம் வளையமாக ஒட்டி நிற்கிறது. சுத்தமான கோப்பையில் ஊற்றிய, ஹாப் மிகுந்த புதிய லாகரில் அந்த வளையங்களைக் கொண்டே எத்தனை மடக்கு குடித்தீர்கள் என்று எண்ணிவிடலாம்.

நிறம் வெளிர் வைக்கோலிலிருந்து பொன் வரை இருக்கலாம். அதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். கலங்கலைக் கண்டு மட்டும் அவசரப்படக் கூடாது. டிரை ஹாப்பிங் செய்து வடிகட்டாமல் விட்ட லாகர் சற்று மங்கலாக இருப்பது இயல்பு. குளிரில் தோன்றி, சூடேறும்போது மறையும் கலங்கலும் உண்டு, அதுவும் குறையல்ல.

மணம், நெடி, வாடை

தமிழில் மூக்குக்குரிய சொற்கள் ஏற்கெனவே தரம் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. விரும்பத்தக்கது மணம்; மூக்கைக் குத்துவது நெடி; கெட்டுப்போனதன் அடையாளம் வாடை. சுவைக் குறிப்பு எழுதும்போது இந்த மூன்றையும் கவனமாகப் பிரித்துப் பயன்படுத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஊற்றியவுடன், நுரை நிற்கும்போதே, கோப்பையை மூக்கருகே கொண்டுவந்து இரண்டு மூன்று முறை குட்டையாக முகருங்கள். நீளமாக ஒரே மூச்சில் இழுத்தால் மூக்கு சீக்கிரம் பழகி மரத்துவிடும். முதல் நொடிகளில் தீக்குச்சி உரசியதுபோல் மெல்லிய கந்தக நெடி வரலாம். லாகர் ஈஸ்ட் குளிரில் வேலை செய்ததன் தடம் அது, ஒரு நிமிடத்தில் விலகிவிட வேண்டும். விலகாமல் நின்றால்தான் குறை. அது விலகிய பின், உள்ளங்கையால் கோப்பையின் வாயை மூடி மெதுவாகச் சுழற்றி, கையை எடுத்தவுடன் மறுபடி முகருங்கள். இப்போது எழுவதுதான் ஹாப்.

ஹாப் மணத்துக்குப் பெயரிட அயல்நாட்டுச் சுவைச் சக்கரங்களில் உள்ள பழப்பெயர்களைக் கடன் வாங்க வேண்டியதில்லை, ஏனென்றால் அதே எண்ணெய்கள் நம் அஞ்சறைப்பெட்டியிலும் தோட்டத்திலும் இருக்கின்றன. தனியாவை உள்ளங்கையில் நசுக்கி முகர்ந்தால் வரும் பூவும் எலுமிச்சையும் கலந்த மணத்துக்குக் காரணமான லினலூல் ஹாப்பிலும் முக்கியமான மணப்பொருள். மிளகில் உள்ள கேரியோஃபிலீன் ஹாப்பில் உண்டு; எலுமிச்சைப் புல்லிலும் மாங்காயிலும் உள்ள மிர்சீன் பல ஹாப் வகைகளின் எண்ணெயில் பெரும்பங்கு. ஆகவே பீரைத் திறக்கும் முன் தனியா, மிளகு, எலுமிச்சைப் புல், நாரத்தை இலை, உலர்ந்த வைக்கோல் ஆகியவற்றைச் சிறு கிண்ணங்களில் வைத்துக்கொண்டு மூக்கைப் பழக்குவது மிகப் பயனுள்ள பயிற்சி. பில்ஸ்னர் உர்க்கெலின் ஸாட்ஸ் ஹாப்பை எதிர்பார்த்தால் வைக்கோல், மிளகு, மென்மையான மூலிகை என்ற திசையில் தேடுங்கள். பிவோவில் கடைசியாக ஊறவைக்கப்படுவது பவேரியாவின் ஹாலர்டாவ் பகுதியில் உள்ள ஹ்யூல் ஆய்வு நிலையத்தில் உருவாக்கப்பட்ட சஃபீர் ஹாப். அதில் கமலாத் தோலின் பிசுக்கான நறுமணமும் பூவும் முன்னே வரும். நியூசிலாந்தின் டனீடன் நகரத்து எமர்சன்ஸ் பில்ஸ்னரில் ரிவாக்கா ஹாப்பின் வழியாகப் பம்பளிமாசும் பாஷன் பழமும் எழும். லாகரில் இவ்வளவு பழம் வருவது ஈஸ்டால் அன்று, முழுக்க முழுக்க ஹாப்பால்.

ஹாப்புக்குப் பின்னால் மால்ட் இருக்கிறதா என்று தேடுங்கள். புதிய ரொட்டியின் மேல்தோல், பொரி, சற்றே தேன் போன்ற மணம் கிடைக்க வேண்டும். வாடைகளில் நான்கை அறிந்துகொண்டால் போதும். வெயில் பட்ட ரப்பர் வாடையை முன்பே கண்டோம். நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை வந்தால் பீர் காற்றுப்பட்டுப் பழசாகிவிட்டது. வேகவைத்த மக்காச்சோள வாடை, மால்ட்டிலிருந்து பிறக்கும் ஒரு கந்தகச் சேர்மம் கொதியில் முழுமையாக ஆவியாகாததைக் காட்டும். உருக்கிய வெண்ணெயின் வாடை, ஈஸ்ட் தன் வேலையை முடிப்பதற்குள் பீரை அவசரப்பட்டுக் குளிரவைத்துவிட்டார்கள் என்பதன் அடையாளமாகப் பெரும்பாலும் இருக்கும். நெய் மணத்தை விரும்பி வளர்ந்த நமக்கு இந்தக் கடைசி வாடை குறையாகத் தோன்றாமல் போகலாம். அதனால்தான் அதில் கூடுதல் விழிப்பு வேண்டும். செக் பீர்களில் அது மிக மெல்லியதாக இருப்பதை ஏற்றுக்கொள்வார்கள். ஹாப் மணமே முதன்மையான இத்தாலிய, அமெரிக்கப் பில்ஸ்னர்களில் அது பொருந்தாது.

வாயில்

முதல் மடக்கு வாயைப் பழக்குவதற்கு. அதைக் கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள். இரண்டாவது மடக்கை வாய் முழுவதும் படுமாறு ஒருமுறை புரட்டி விழுங்குங்கள். இனிப்பு நுனியில், கசப்பு அடியில் என்று பள்ளிப் புத்தகத்தில் வரைந்திருந்த நாக்கின் வரைபடம் தவறானது. எல்லாச் சுவையும் நாக்கின் எல்லாப் பகுதியிலும் உணரப்படும். விழுங்கியவுடன் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். தொண்டைக்குப் பின்புறமாக மூக்குக்கு ஏறும் மணம் அப்போது புலப்படும், முகர்ந்தபோது தெரியாத ஒரு ஹாப் மணம் பல சமயம் இங்கேதான் முதன்முதலாகத் தெரியவரும்.

இனி முக்கியமான கட்டம். மூன்றாவது மடக்கை விழுங்கிய பிறகு பேசாமல் மனத்துக்குள் இருபது வரை எண்ணுங்கள். ஹாப்பின் கசப்பு இனிப்பைப் போல உடனே வராது. விழுங்கிய சில நொடிகளுக்குப் பின் ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கும். அந்த ஏற்றத்தை விட இறக்கத்தைக் கவனியுங்கள். நன்றாகக் காய்ச்சிய லாகரில் கசப்பு வழுக்கிக்கொண்டு இறங்கி, எச்சில் ஊறி, அடுத்த மடக்குக்கு வாய் தானாகவே தயாராகும். பாகற்காய்ப் பிட்லை உண்டபின் வாய் தெளிந்திருப்பது போன்ற உணர்வு அது. இருபது எண்ணியும் கசப்பு ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நகராமல் நின்றால், அளவு மிகுந்துவிட்டது அல்லது அதைத் தாங்கும் மால்ட் போதவில்லை.

எண்ணி முடித்ததும் நாக்கின் நுனியால் மேற்பற்களின் பின்புறத்தையும் கன்னத்தின் உட்புறத்தையும் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் நீங்கள் உணர்ந்தது தூய கசப்பு. சொரசொரவென்று இழுத்தால் துவர்ப்பு கலந்திருக்கிறது. பார்லி உமியை அளவுக்கு மீறிச் சூடான தண்ணீரில் அலசியிருக்கலாம். அல்லது ஹாப்பின் பச்சை இலைப்பகுதி பீரில் அதிக நாள் ஊறியிருக்கலாம். தொண்டையின் பின்புறத்தில் அரிப்பதுபோல் இருந்தால் அது காறல். டிரை ஹாப்பிங் செய்த நுண்துகள்கள் அடியில் படியாமல் மிதக்கும்போது அது நேரும். இன்னும் சில வாரம் குளிரில் கிடந்திருந்தால் படிந்திருக்கும். லாகர் என்ற பெயருக்கே காரணமான அந்தக் கிடப்புக்காலத்தைக் குறைத்துவிட்டார்கள் என்பதைத் தொண்டை இவ்வாறு கண்டுபிடித்துவிடுகிறது.

கேனின் மேல் ஐபியு என்று ஓர் எண் அச்சிட்டிருப்பதைக் காண்பீர்கள். ஒரு லிட்டர் பீரில் எத்தனை மில்லிகிராம் கசப்புப் பொருள் இருக்கிறது என்பதற்கு ஏறத்தாழச் சமமான அளவு அது. இந்த எண்ணை வைத்துச் சுவையை ஊகிக்காதீர்கள். பில்ஸ்னர் உர்க்கெலும் பிவோவும் ஏறக்குறைய 40 என்ற ஒரே அளவில்தான் இருக்கின்றன. ஆனால் 4.4 சதவீத ஆல்கஹால் கொண்ட உர்க்கெலில் நொதிக்காமல் எஞ்சிய மால்ட்டின் இனிப்பு கசப்பை அணைத்துக்கொள்கிறது; 5.3 சதவீதம் கொண்ட பிவோவில் அந்த இனிப்பு குறைவு, அதனால் அதே கசப்பு நிமிர்ந்து நேராக வந்து விரைவில் விடைபெறுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துச் சுவைக்க வாய்த்தால், உர்க்கெலை முன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். இவ்விரண்டையும் விடக் கனமான, மாசசூசெட்ஸ் மாநிலத்து ஜாக்ஸ் அபி ஆலையின் ஹோப்போனியஸ் யூனியன் போன்ற, ஹாப் மிக அதிகமாகச் சேர்த்த இந்தியா பேல் லாகர்கள் கடைசியில்தான் வர வேண்டும், ஏனென்றால் ஹாப்பின் கசப்பு மடக்குக்கு மடக்கு வாயில் சேர்ந்துகொண்டே போகும். முதலில் கனமானதைக் குடித்துவிட்டால் பின்னால் வருவதன் மென்மை முற்றிலும் தெரியாமல் போய்விடும். அதே காரணத்தால், ஒரு பீரைப் பற்றிய தீர்ப்பை நான்காவது மடக்குக்கு முன் எழுதாதீர்கள்.

உங்கள் நாக்கின் மேல் உங்களுக்கே ஐயம் இருந்தால் மூன்று கோப்பைச் சோதனை செய்யுங்கள். இரண்டில் ஒரே பீரையும் ஒன்றில் வேறு பீரையும் வீட்டில் ஒருவரை ஊற்றித் தரச் சொல்லி, எது தனித்தது என்று கண்டுபிடியுங்கள். பெயர்ப்பட்டையைப் பார்க்காமல் சுவைக்கும்போது நாம் எவ்வளவு தடுமாறுகிறோம் என்பது தெரிவதும், சில வாரப் பயிற்சியில் அந்தத் தடுமாற்றம் குறைவதும் மனத்துக்கு மிகுந்த நிறைவு தருபவை.

சூடேறும்போது

கோப்பையில் பாதியை மிச்சம் வைத்து, பதினைந்து நிமிடம் அப்படியே விடுங்கள். 11, 12 டிகிரி அளவில் குமிழிகள் குறைந்து, குளிர் மறைத்திருந்த அனைத்தும் வெளியே வரும். ஹாப் மணம் விரியும், மால்ட்டின் இனிப்பு முன்னே வரும், வெண்ணெய் வாடையோ சோள வாடையோ ஒளிந்திருந்தால் அதுவும் வெளிப்படும். இந்த நிலையிலும் கசப்பு சுத்தமாக இறங்குமானால் அது தேர்ந்த கை காய்ச்சிய பீர். குளிரில் நன்றாக இருந்து சூட்டில் துவர்க்கத் தொடங்கும் லாகர்கள் ஏராளம் உண்டு. அவற்றைக் குளிர்ச்சியே காப்பாற்றிக்கொண்டிருந்தது என்று பொருள்.

குறிப்புகளை அவ்வப்போதே எழுதுங்கள், பிறர் எழுதிய விமர்சனத்தைப் படிப்பதற்கு முன் எழுதுங்கள். தேதி, அடைத்த தேதி, பாட்டிலா கேனா, ஏறத்தாழ எத்தனை டிகிரி என்ற நான்கு விவரங்களும் மேலே இருக்கட்டும். மணத்துக்கு உங்கள் வீட்டுப் பொருளின் பெயரையே இடுங்கள். ‘சிட்ரஸ்’ என்று எழுதுவதை விட, எலுமிச்சைத் தோலா, நாரத்தை இலையா, காய்ந்த கமலாத் தோலா என்று எழுதினால் ஓராண்டுக்குப் பின் படிக்கும்போதும் அந்த மணம் மூக்கில் எழும். கசப்பு எந்த எண்ணில் உச்சம் தொட்டது, எந்த எண்ணில் இறங்கியது, பற்களின் பின்புறம் வழவழப்பா சொரசொரப்பா என்பவற்றைக் கட்டாயம் குறித்துவையுங்கள். எல்லாம் முடிந்த பின் வெறுங்கோப்பையைக் கழுவிவிடாமல் ஐந்து நிமிடம் கழித்து ஒருமுறை முகருங்கள்: ஹாப் பறந்துபோன அந்த இடத்தில் மால்ட்டின் ரொட்டி மணம் மட்டும் தனியே நிற்கும், அது புளிப்போ அட்டை வாடையோ கலவாமல் இருந்தால் அதையும் குறிப்பில் சேர்த்துக்கொண்டு, கண்ணாடிச் சுவரில் காய்ந்து நிற்கும் நுரை வளையங்களை எண்ணி எழுதிவிட்டுக் கழுவுங்கள்.